ஆடு புகுந்த தீவு: கலாபகோஸ் ராட்சத ஆமைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்பார்கள் நம் ஊரில். கலாபகோஸ் தீவுகளின் கதை தெரிந்தவர்கள் இந்தப் பழமொழியைத் திருப்பிப் போட்டுத்தான் சொல்ல வேண்டியிருக்கும். ஆமை மட்டும் இருந்தவரை தீவு உருப்படியாகத்தான் இருந்தது. கப்பல்காரன் புகுந்தான், எலி புகுந்தது, ஆடு புகுந்தது. அப்புறம்தான் எல்லாம் கெட்டது. இந்த ஆமைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

கலாபகோஸ் எங்கே இருக்கிறது?

தென் அமெரிக்காவின் எக்வடோர் நாட்டுக்குச் சொந்தமான எரிமலைத் தீவுக்கூட்டம். அந்த நாட்டின் கரையிலிருந்து மேற்கே சுமார் 1,000 கி.மீ. தள்ளி, பசிபிக் கடலில், பூமத்திய ரேகையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. ஸ்பானிய மொழியில் ‘கலாபகோ’ என்றால் ஆமை. தீவுக்குப் பெயரே ஆமையால் வந்ததுதான்.

இது கடலாமையா?

இல்லை. முழுக்க முழுக்க நில ஆமை. துடுப்பு கிடையாது; யானைக்கால் போன்ற தூண் கால்கள்தான். பெரிய ஆண் ஆமை 250 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். புல், இலை, பழம், சப்பாத்திக் கள்ளி, இவைதான் சாப்பாடு. நம் ஊர் வேலியோரம் இடுப்பளவு நிற்கிற அதே சப்பாத்திக் கள்ளிக் குடும்பம்தான். அங்கே சில தீவுகளில் அது அடிமரம் பருத்து, நிஜ மரமாகவே வளர்ந்து நிற்கும்.

நீந்தத் தெரியாத ஆமை 1,000 கி.மீ. கடலைத் தாண்டி எப்படிப் போனது?

நீந்தத் தெரியாது, மிதக்கத் தெரியும். தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு, சோறு தண்ணீர் இல்லாமல் மாதக்கணக்கில் தாங்கும். தென் அமெரிக்கக் கரையிலிருந்து வடமேற்கே ஓடும் ஹம்போல்ட் நீரோட்டம் அதைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்த்திருக்க வேண்டும். சினையாக இருந்த ஒரே ஒரு பெட்டை கரையேறியிருந்தாலும் வம்சம் தொடங்கப் போதும். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால் நடந்தது, சாட்சி யாரும் இல்லை.

ஆனால் வேறொரு கடலில் இதே மாதிரி நடந்ததை மனிதர்கள் பார்த்திருக்கிறார்கள். 2004 டிசம்பரில் தான்சானியாவின் கிம்பிஜி கடற்கரையில் ஒரு அல்டாப்ரா ராட்சத ஆமை கடலுக்குள்ளிருந்து எழுந்து நடந்து வந்தது. அல்டாப்ரா தீவு அங்கிருந்து 700 கி.மீ.க்கும் அப்பால். மெலிந்துபோன அந்த ஆமையின் கால்களில் கொட்டலசு ஒட்டி வளர்ந்திருந்தது. கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டுமே, அதே கொட்டலசு. பல வாரம் தண்ணீரிலேயே கிடந்தால்தான் அது அப்படிப் பிடிக்கும்.

மொத்தம் எத்தனை வகை?

சுமார் 15 வகை இருந்தன. அதில் இரண்டு மூன்று போய்விட்டன. இவை தனித்தனி இனங்களா, ஒரே இனத்தின் கிளைகளா என்று ஆய்வாளர்களுக்குள் இருக்கும் வழக்கு இன்னும் தீரவில்லை. அந்தச் சண்டைக்குள் போகாமல் நான் ‘வகை’ என்றே எழுதுகிறேன்.

பொதுவாகத் தீவுக்கு ஒரு வகை. இசபெலா மட்டும் விதிவிலக்கு. ஐந்து பெரிய எரிமலை, எரிமலைக்கு ஒரு வகையாக ஐந்து. நடுவில் கிடக்கும் எரிமலைக் குழம்புக் கட்டாந்தரையைத் தாண்டி ஆமைகள் அதிகம் போய்வரவில்லை, பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் பேச்சு மாறிப்போகிற மாதிரி மாறிவிட்டன. சான்டா குரூஸ் தீவில் ஒரே வகைதான் என்று வெகுநாள் நினைத்திருந்தார்கள். மரபணுவைப் பார்த்ததில் கிழக்கே இருப்பது வேறு என்று தெரிந்து, 2015-ல் அதற்குத் தனிப்பெயர் வைத்தார்கள். 40 ஆண்டுக்கு மேல் ஆமைகளைக் கவனித்துக்கொண்ட தேசியப் பூங்காக் காவலர் ஃபாஸ்டோ யெரேனாவைக் கௌரவிக்க ‘டான்ஃபாஸ்டாய்’ என்ற பெயர். ‘டான் ஃபாஸ்டோ’ என்றால் நாம் ‘ஃபாஸ்டோ ஐயா’ என்போமே, அப்படி. ஆய்வாளர் பெயரும் மன்னர் பெயருமே வைத்துப் பழகிய உலகத்தில் இது எனக்குப் பிடித்த பெயர்.

எல்லாமே ஒரே மாதிரி இருக்குமா?

ஓட்டைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். மழையும் பசும்புல்லும் உள்ள உயரமான தீவுகளில் இருப்பவை கவிழ்த்த சட்டி மாதிரி உருண்டை ஓடு. குனிந்தால் சாப்பாடு, கழுத்தை நீட்ட வேண்டிய அவசியமில்லை. எஸ்பனோலா, பின்சோன், பின்டா போன்ற வறண்ட, தாழ்ந்த தீவுகளில் ஓட்டின் முன்விளிம்பு குதிரைச் சேணம் மாதிரி தூக்கியிருக்கும். கழுத்தும் காலும் நீளம். உயரத்தில் இருக்கும் கள்ளி மடலை எட்டிப் பிடிக்க அது வசதி. இரண்டு ஆண் ஆமைகள் மோதிக்கொள்ளும்போதும் பெரும்பாலும் கடிப்பதில்லை, யார் கழுத்து உயரம் என்றுதான் போட்டி. தாழ்ந்தவர் தலையை இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

1835-ல் டார்வின் அங்கே போனபோது, தீவுகளின் துணை ஆளுநராக இருந்த நிக்கோலஸ் லாசன், ஓட்டைப் பார்த்தே எந்தத் தீவின் ஆமை என்று சொல்லிவிடுவேன் என்றார். டார்வின் அப்போது அதைக் காதில் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. திரும்பும் வழியில் கப்பலில் ஆமைக் கறி சாப்பிட்டார்கள், ஓடுகள் கடலுக்குப் போயின. பரிணாமத்துக்கான அருமையான சாட்சியை ஆக்கித் தின்றுவிட்டு எலும்பை எறிந்த கதை.

யார் இத்தனை ஆமைகளைத் தின்றது?

முதலில் கடற்கொள்ளைக்காரர்கள். அவர்களைவிடப் பன்மடங்கு, 1790-களிலிருந்து வந்த திமிங்கல வேட்டைக் கப்பல்கள். குளிர்பெட்டி இல்லாத காலம். மாதக்கணக்கில் உப்புக் கண்டமும் புழுத்த பிஸ்கட்டும் தின்றவனுக்கு இந்த ஆமை வரம். கப்பலின் அடித்தளத்தில் மல்லாக்கப் போட்டு அடுக்கிவிட்டால், தீனி இல்லை தண்ணீர் இல்லை, ஒரு வருஷம் வரை உயிரோடு கிடக்கும். வேண்டும்போது ஒன்றை எடுத்து அறுத்துக்கொள்ளலாம். 79 கப்பல்களின் பயணக் குறிப்பேடுகளை 1925-ல் சார்லஸ் டவுன்சென்ட் என்பவர் எண்ணிப் பார்த்தார். 1831 முதல் 1868 வரை அந்தக் கப்பல்கள் மட்டும் 13,000-க்கு மேல் ஏற்றியிருக்கின்றன. எல்லாக் கப்பலும் எல்லா ஆண்டும் சேர்த்தால் ஒன்று முதல் இரண்டு லட்சம் இருக்கும் என்பது மதிப்பீடு.

பட்டினி தாங்கும் அந்தக் குணம்தான் அதைக் கடல் தாண்டவைத்தது; அதே குணம்தான் அதைக் கப்பலின் அடுக்களைக்கும் கொண்டுபோனது. இன்னொன்றும் நடந்தது. முட்டையிட வறண்ட தாழ்நிலத்துக்கு இறங்கி வருபவை பெட்டைகள். கரையோரம் கைக்கு எட்டுவதும் எடை குறைந்ததும் அவைதான். ஆகவே முதலில் போனதும் அவைதான்.

‘மிக ஆபத்தான நிலை’ என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவுக்கு முந்தைய கடைசிப் படிகளில் இருப்பவை: எஸ்பனோலா, ஃபெர்னாண்டினா, சான்டியாகோ, சான்டா குரூஸின் இரண்டு வகைகள், இசபெலாவின் சியரா நெக்ரா வகை. பின்டா, ஃப்ளோரியானா வகைகள் ‘அழிந்தவை’ பட்டியலில் உள்ளன. ஒரு காலத்தில் தீவுகள் முழுவதும் இரண்டு மூன்று லட்சம் இருந்திருக்கலாம். 1970-களில் 15,000 என்ற அளவுக்கு இறங்கி, இப்போது 20,000-க்கு மேல் ஏறியிருக்கிறது.

எலி இவ்வளவு பெரிய ஆமையை என்ன செய்யும்?

பெரிய ஆமையை ஒன்றும் செய்யாது. குஞ்சு பிறக்கும்போது உள்ளங்கைக்குள் அடங்கும், ஓடு நகம் மாதிரி வளையும். அதைத்தான் எலி தின்னும்.

பின்சோன் தீவுதான் இதற்குச் சாட்சி. 18 சதுர கி.மீ. மட்டுமே உள்ள சின்னத் தீவு. கப்பலோடு வந்த கறுப்பு எலி அங்கே பெருகியபின், பொரிந்த குஞ்சு எதுவும் தப்பவில்லை. 1960-களில் பூங்கா ஆட்கள் போய்ப் பார்த்தால் நூறு, நூற்றைம்பது கிழட்டு ஆமைகள். இளசு ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போய்விட்ட கிராமம் மாதிரி.

1965-ல் தொடங்கி, தீவுக்குப் போய் முட்டைகளைத் தோண்டி எடுத்து வந்தார்கள். ஆமை முட்டையைப் புரட்டக் கூடாது, புரட்டினால் கரு செத்துவிடும். மேல்பக்கம் எது என்று பென்சிலால் குறிபோட்டு, அப்படியே சாய்க்காமல் படகில் சான்டா குரூஸ் தீவுக்கு. அங்கே அடைகாப்புப் பெட்டி. 28 டிகிரி வெப்பம் என்றால் பொரிவதில் பெரும்பாலும் ஆண், 29.5 டிகிரி என்றால் பெரும்பாலும் பெண். வம்சம் பெருக வேண்டும் என்பதால் பெண்ணே அதிகம் வருமாறு வைப்பார்கள். பொரிந்த குஞ்சை உடனே வெயிலில் விடுவதும் இல்லை. இயற்கையில் அது சில வாரம் மண்ணுக்குள்ளேயே இருந்துவிட்டுத்தான் மேலே வரும், அதனால் இருட்டுப் பெட்டியில் வைப்பார்கள். பிறகு ஓட்டில் பெயின்ட்டால் எண் எழுதி, நாலைந்து வயது வரை வளர்ப்பு. எலியால் கடிக்க முடியாத கனம் ஓட்டுக்கு வந்ததும், சொந்தத் தீவுக்குச் சுமந்துபோய் விடுவார்கள். பின்சோனில் துறைமுகம் இல்லை, சாலை இல்லை. பாறை மேல் முதுகுச்சுமைதான்.

ஐம்பது வருஷம் இப்படி ஓட்டினார்கள். 2012-ல் ஹெலிகாப்டரிலிருந்து விஷத்தீனி தூவி எலியை மொத்தமாக ஒழித்தார்கள். 2014 டிசம்பரில் ஆய்வுக்குப் போனவர்கள் கண்ணில் பத்துக் குஞ்சுகள் பட்டன. மனிதன் அடைவைக்காமல், தீவின் மண்ணிலேயே பொரிந்து பிழைத்தவை. நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது அந்தத் தீவில் அப்படி நடந்து. அந்தக் கிழங்கள் மட்டும் நம் ஆயுசு அளவே வாழ்பவையாக இருந்திருந்தால், எலியை ஒழிக்கும்போது பிள்ளை பெற ஆளே இருந்திருக்காது.

விஷம் தூவியது முழு வெற்றி என்று எழுதிவிட முடியாது. எலியைத் தின்று சாகக் கூடாதென்று தீவின் பருந்துகளை முன்கூட்டியே பிடித்துக் கூண்டில் வைத்திருந்தார்கள். திறந்துவிட்ட பிறகும் சில பருந்துகள் செத்தன. விஷம் பல்லிகளின் உடம்பில் தங்கியிருந்தது.

ஆடு எப்படி ஆமையை அழிக்கும்? அதுவும் சைவம்தானே?

சைவமாக இருப்பதுதான் வம்பு. ஆமையின் சாப்பாட்டை அது பிடுங்கிக்கொள்ளும். தரைப்புல்லை ஒட்ட மேயும், பின்னங்காலில் நின்று கிளையை மேயும், ஈரத்துக்காகக் கள்ளி மரத்தையே கடித்துச் சாய்க்கும். ஆடு வளர்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பின்டா தீவில் 1959-ல் மீனவர்கள் மூன்றே மூன்று ஆட்டை விட்டார்கள், பின்னால் கறிக்கு ஆகுமே என்று. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டில் அது 40,000 ஆனது.

இசபெலாவின் அல்செடோ எரிமலையில் நடந்தது இன்னும் நுட்பமானது. வறட்சி மாதங்களில் அங்கே மழை கிடையாது, ‘கரூவா’ என்று சொல்லும் ஈரப்பனிதான். எரிமலை விளிம்பில் உள்ள மரங்களில் அது படிந்து, இலையிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி, கீழே குட்டை கட்டும். ஆமைகள் அந்தக் குட்டையில் போய்ப் படுத்துக்கிடக்கும். ஆடு மரங்களை அழித்தது. பனி வந்தது, படிய இலை இல்லை. குட்டை வறண்டது. ஆட்டுக்குத் தண்ணீர்க் கணக்கு தெரியாது.

அத்தனை ஆட்டை எப்படி ஒழித்தார்கள்?

1997-ல் தொடங்கி 2006 வரை ‘இசபெலாத் திட்டம்’ என்று ஒன்றை நடத்தினார்கள். ஒரு கோடி டாலர் செலவு. இசபெலாவின் வடபாதியிலும் சான்டியாகோ தீவிலுமாக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆடுகள், தரையில் வேட்டை நாயோடும் ஆகாயத்தில் ஹெலிகாப்டரிலுமாகச் சுடப்பட்டன. தொண்ணூறு பங்கு சுலபம். கடைசியில் மிஞ்சும் கில்லாடிகள்தான் கஷ்டம். ஹெலிகாப்டர் சத்தம் கேட்டாலே குகைக்குள் போய்விடும். நாலு மிஞ்சினால் போதும், மறுபடி முதலிலிருந்து.

அதற்குத்தான் ‘யூதாஸ் ஆடு’. ஓர் ஆட்டைப் பிடித்து, கருத்தடை செய்து, கழுத்தில் ரேடியோப் பட்டை மாட்டி விட்டுவிடுவார்கள். ஆட்டுக்குத் தனியாக இருக்கப் பிடிக்காது. எங்கேயாவது கூட்டத்தைத் தேடிப் போய்ச் சேர்ந்துகொள்ளும். சிக்னலைப் பிடித்துப் பின்னால் போவார்கள். மற்றவற்றைச் சுட்டுவிட்டு யூதாஸை மட்டும் விட்டுவைப்பார்கள், அடுத்த கூட்டத்தைக் காட்ட.

ஆடும் உயிர்தானே, பாவமில்லையா?

பாவம்தான். செத்த ஆடுகளை அங்கேயே மக்கவிட்டார்கள், கறி வீணானதாகவும் குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால் ஆடு உலகமெங்கும் இருக்கிறது. அல்செடோ ஆமை அல்செடோவில் மட்டும்தான் இருக்கிறது. ஆட்டைக் கொண்டுவந்து விட்டவன் அன்றைக்கே யோசித்திருந்தால் இரண்டுமே பிழைத்திருக்கும். என் பதில் இவ்வளவுதான். ஒத்துக்கொள்ளாதவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

தனியாளாகவே 800 பிள்ளை பெற்ற ஆமை என்று செய்தி வந்ததே, உண்மையா?

டியேகோ. உண்மைதான், ஆனால் பாதிக் கதை. எஸ்பனோலா தீவில் ஆடு மேய்ந்து முடித்தபின் மிஞ்சியது 14 ஆமைகள். 12 பெட்டை, 2 ஆண். 1963-லிருந்து 1974-க்குள் ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து இனப்பெருக்க மையத்துக்குக் கொண்டுவந்தார்கள். தீவு பெரிது, ஆள் குறைவு. ஆணும் பெண்ணும் சந்திக்காமலே வருஷங்கள் போயிருக்கின்றன. அமெரிக்காவின் சான் டியேகோ மிருகக்காட்சிசாலையில் பல பத்தாண்டுகளாக இருந்த ஓர் ஆணும் எஸ்பனோலாவைச் சேர்ந்தது என்று தெரிந்து, 1970-களின் நடுவில் திருப்பி அனுப்பினார்கள். அதுதான் டியேகோ. மொத்தம் 15.

சுமார் 2,000 குஞ்சுகள் தீவுக்குத் திரும்பின. அதில் டியேகோவின் பங்கு 40 சதவீதம் போல. ‘இ5’ என்று எண் மட்டுமே உள்ள இன்னொரு ஆணின் பங்கு ஏறக்குறைய 60 சதவீதம். அதற்குப் பெயர் இல்லை, அதனால் செய்தியும் இல்லை! டியேகோ கூச்சம் இல்லாத ஆள், கேமரா முன்னால் கலாட்டா செய்யும். இ5 சாயங்காலம் யாரும் இல்லாத நேரம் பார்த்துக் காரியத்தை முடிக்கும். எங்கேயும் இப்படித்தான் போலிருக்கிறது.

2020 ஜனவரியில் திட்டத்தை முடித்துக்கொண்டார்கள். ஜூனில் அந்த 15 பேரையும் தீவுக்கே கொண்டுபோய் விட்டார்கள். ஒரே கவலை, 2,000 ஆமைக்கும் பாட்டன் பாட்டி 15 பேர்தான். நெருங்கிய உறவுக்குள்ளேயே கல்யாணம் பண்ணிக்கொண்ட குடும்பம் மாதிரி, ஒரு நோய் வந்தால் எல்லோரையும் ஒரே மாதிரித் தாக்கலாம்.

‘தனிமை ஜார்ஜ்’ யார்?

பின்டா வகையில் கடைசி ஆள். 1906-ல் அந்தத் தீவில் மூன்று ஆமைகளை ஆய்வுப் பயணக் குழு ஒன்று பிடித்தது. அதோடு முடிந்தது என்று எழுதிவைத்துவிட்டார்கள். 1971-ல் நத்தை தேடிப் போன ஹங்கேரிய ஆய்வாளர் ஒருவர் கண்ணில் ஓர் ஆண் பட்டது. அடுத்த ஆண்டு சான்டா குரூஸுக்குக் கொண்டுவந்தார்கள். துணை தேடினார்கள், கிடைக்கவில்லை. ஒட்டிய வகைப் பெட்டைகளோடு விட்டுப் பார்த்தார்கள். 2008, 2009-ல் முட்டையும் வந்தது, ஒன்றும் பொரியவில்லை. 2012 ஜூன் 24 காலை, தண்ணீர்த் தொட்டிப் பக்கமாக நீட்டிக்கொண்டு கிடந்ததை முதலில் பார்த்தது ஃபாஸ்டோ யெரேனாதான். அதைப் பல பத்தாண்டு கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்.

உடலை நியூயார்க்குக்கு அனுப்பிப் பதப்படுத்தி, 2017-ல் திரும்பக் கொண்டுவந்து சான்டா குரூஸில் கண்ணாடி அறைக்குள் வைத்திருக்கிறார்கள்.

பின்டாவில் ஆடு ஒழிந்ததும் காடு அடர்ந்தது. விதையைச் சுமக்கவும் புதரை மிதித்து வழி திறக்கவும் ஆமை வேண்டும். 2010-ல் வேறு வகை கலந்த 39 ஆமைகளைக் கருத்தடை செய்து அங்கே விட்டார்கள். வேலைக்கு ஆள் போட்ட மாதிரி. வாரிசு உரிமை கிடையாது.

அழிந்த வகையைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

ஃப்ளோரியானாவுக்கு முயல்கிறார்கள். 1820-ல் ‘எஸ்ஸெக்ஸ்’ என்ற திமிங்கல வேட்டைக் கப்பலின் மாலுமி ஒருவன் விளையாட்டுக்கு வைத்த தீ அந்தத் தீவை எரித்தது. அடுத்த மாதம் அதே கப்பலை ஒரு திமிங்கலம் முட்டி மூழ்கடித்தது. 1832-ல் குடியேற்றம் வந்தது, மிஞ்சிய ஆமைகள் சட்டிக்குப் போயின. 1850 வாக்கில் ஒன்றும் இல்லை.

ஆனால் இசபெலாவின் வடகோடியில், வுல்ஃப் எரிமலையில், அந்த இடத்துக்குப் பொருந்தாத சேண ஓட்டு ஆமைகள் திரிந்தன. மரபணுவைச் சோதித்தால் ஃப்ளோரியானா ரத்தம், சிலவற்றில் பின்டா ரத்தம். திமிங்கலக் கப்பல்கள் பக்கத்து விரிகுடாவில் பாரம் குறைக்க ஆமைகளை இறக்கிவிட்டிருக்க வேண்டும். கறிக்கு ஏற்றிய கப்பலே விதையையும் பத்திரப்படுத்தியிருக்கிறது. 2015-ல் 32 ஆமைகளை வலையில் கட்டி ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள். 19-க்கு ஃப்ளோரியானா உறவு இருந்தது. 2017-ல் இனப்பெருக்கம் தொடங்கியது. நூற்றுக்கு நூறு பழைய வகை வராது. தீவின் காட்டுக்கு அது போதும் என்கிறார்கள், எனக்கும் சரியென்றே படுகிறது.

ஃபெர்னாண்டா கதை என்ன?

ஃபெர்னாண்டினா தீவு இப்போதும் குமுறும் எரிமலை. அங்கிருந்து 1906-ல், ஆய்வுப் பயணக் குழுவில் வந்த ரோலோ பெக் என்பவர் ஒரே ஓர் ஆணைப் பிடித்தார், கொன்று பாடம் செய்தார். அது ஒன்றுதான் அந்த வகைக்கு ஆதாரம். 2019 பிப்ரவரியில், கருங்கல்லாய் இறுகிய குழம்புக்கு நடுவே ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பசுந்திட்டில், புதருக்குள் ஒரு கிழட்டுப் பெட்டை. ஓடு அரை மீட்டர்தான், வழவழவென்று தேய்ந்திருந்தது. இதே வகையா, வேறு தீவிலிருந்து மிதந்துவந்ததா என்று சந்தேகம். பெக் பிடித்த ஆணின் மரபணுவோடு ஒப்பிட்டு, அதே வகைதான் என்று 2021-ல் உறுதி செய்தார்கள். சான்டா குரூஸில் பத்திரமாக இருக்கிறது. தீவில் தடமும் சாணமும் கண்ணில் பட்டிருப்பதால் இன்னோர் ஆமைக்காகத் தேடல் நடக்கிறது.

எத்தனை வருஷம் வாழும்?

நூறைத் தாண்டும். பருவத்துக்கு வரவே 20, 25 வருஷம் ஆகும். ஆஸ்திரேலியாவில் 2006-ல் இறந்த ஹாரியட்டுக்குச் சுமார் 175 வயது என்றார்கள். டார்வின் கொண்டுவந்தது என்றும் சொல்வார்கள், அது நம்பத்தக்கதில்லை. ஹாரியட் சான்டா குரூஸ் வகை, டார்வின் அந்தத் தீவில் இறங்கவே இல்லை.

சென்னை முதலைப் பண்ணையில் இருப்பது இதுவா?

இல்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் நீங்கள் பார்க்கும் பெரிய ஆமைகள் அல்டாப்ரா வகை, இந்தியப் பெருங்கடலின் செஷெல்ஸ் நாட்டைச் சேர்ந்தவை. கொல்கத்தா அலிப்பூரில் 2006-ல் இறந்த ‘அத்வைதா’வும் அதே வகை. கிட்டத்தட்ட ஒரே உருவம், ஆனால் வேறு வேறு கிளை. மொரீஷியஸ், ரீயூனியன், ரோட்ரிக்ஸ் தீவுகளிலும் இப்படிப்பட்டவை இருந்தன. எல்லாவற்றையும் கப்பல்காரர்கள் தின்று தீர்த்தார்கள்.

இப்போது இருக்கும் ஆபத்து என்ன?

கடத்தல்: 2021 மார்ச்சில் கலாபகோஸின் பால்ட்ரா விமான நிலையத்தில் ஒரு பெட்டிக்குள் பிளாஸ்டிக்கில் சுற்றிய 185 குஞ்சுகள் பிடிபட்டன, பத்து செத்திருந்தன. சென்னை விமான நிலையத்தில் நட்சத்திர ஆமைகள் காலுறைக்குள்ளிருந்து எடுக்கப்படுவதைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

சான்டா குரூஸில் இருப்பது வேறு சிக்கல். பெரிய ஆமைகள் பருவத்துக்கேற்ப மேட்டுக்கும் தாழ்நிலத்துக்கும் நடக்கும். நூறாண்டாகப் பழகிய தடத்தில் இப்போது வேலி, தார்ச்சாலை, பண்ணை. மனிதன் கொண்டுவந்த கொய்யா காடாகப் பரவிவிட்டது. ஆமைக்கோ கொய்யாப்பழம் என்றால் உயிர். தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் விதைக்கிறது. தன் காட்டைக் கெடுக்கும் மரத்துக்கு அதுவே விவசாயி.

எரிமலையும் உண்டு. 1998-ல் செரோ அசூல் வெடித்தபோது சில ஆமைகளை ஹெலிகாப்டரில் கட்டித் தூக்கினார்கள்.

முட்டையிடுவதைப் பார்க்க முடியுமா?

நேரில் பார்ப்பது அரிது, விவரிக்கலாம். பெட்டை மண் ஆழமான இடம் தேடித் தாழ்நிலத்துக்கு வரும். முன்பக்கம் திரும்பியும் பார்க்காது, பின்னங்கால்களாலேயே தோண்டும்: வலது ஒரு வாரு, இடது ஒரு வாரு. மண் இறுக்கமாக இருந்தால் சிறுநீரை விட்டு இளக்கும். மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில். பந்து போன்ற முட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொன்றையும் காலால் பதமாகத் தாங்கி அடுக்கும். ஈர மண்ணால் மூடி, வயிற்று ஓட்டால் அழுத்தி மெழுகும். காய்ந்தால் அது சாந்துத் தளம் மாதிரி ஆகிவிடும். சேண ஓட்டு வகை நாலைந்து முட்டைதான் இடும், உருண்டை ஓட்டு வகை பதினைந்துக்கு மேலும் இடும். நாலு முதல் எட்டு மாதம் கழித்துக் குஞ்சு அந்தத் தளத்தை உடைத்துக்கொண்டு வர வேண்டும்.

கிட்டே போனால் ‘உஸ்’ என்று சீறுகிறதே, கடிக்குமா?

கிட்டே போகவே கூடாது. இரண்டு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது பூங்கா விதி. தொடுவது, தீனி கொடுப்பது, மேலே உட்கார்ந்து போட்டோ எடுப்பது எதுவும் கிடையாது. நகராமல் நின்றால் வேறொன்று பார்க்கக் கிடைக்கலாம். ஒரு ஃபிஞ்ச் குருவி ஆமையின் முன்னால் வந்து குதித்தால், ஆமை நாலு காலையும் விறைத்து எழுந்து, கழுத்தை நீட்டி, சிலை மாதிரி நிற்கும். குருவி கழுத்து மடிப்பிலும் கால் இடுக்கிலும் புகுந்து உண்ணி பொறுக்கும்.

அந்தச் சத்தம் சீற்றம் இல்லை. தலையும் காலும் ஓட்டுக்குள் போக இடம் வேண்டும், அதற்காக நுரையீரலில் இருக்கும் காற்றை ஒரேயடியாக வெளியே தள்ளுகிறது. நாலடி பின்னால் போய் நில்லுங்கள், தலை மறுபடி வெளியே வரும்.